75,000 தலைமுறை, 12 குடுவை: இயற்கைத் தேர்வை எண்ணிப் பார்த்த சோதனை

கேள்வி: “பரிணாமம் நடக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அப்படியென்றால் இயற்கைத் தேர்வை யாரும் பார்த்ததே இல்லை என்றுதானே பொருள்? பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போவதை உதாரணம் காட்டுகிறார்கள். அது பழகிக்கொள்வதுதானே? கடைசியில் பாக்டீரியா பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது?”

பார்த்திருக்கிறார்கள். எண்ணியிருக்கிறார்கள். இடைப்பட்ட தலைமுறைகளை ஃப்ரீசரில் எடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

லட்சக்கணக்கான ஆண்டுகள் என்பது நம்மைப் போல மெதுவாகப் பெருகும் உயிர்களுக்கான கணக்கு. பரிணாமம் தலைமுறைக் கணக்கில் ஓடுகிறது. மனிதருக்கு ஒரு தலைமுறை 25 ஆண்டு என்று வைத்தால் 75,000 தலைமுறைக்கு 18.75 லட்சம் ஆண்டு வேண்டும். ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா இதே 75,000 தலைமுறையை ஆய்வகத்தில் சுமார் 34 ஆண்டில் கடந்துவிட்டது. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988 பிப்ரவரி 24 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் தொடங்கிய சோதனை அது. பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2022-இல் ஜெஃப்ரி பேரிக்கின் பொறுப்பில் டெக்சஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்துக்கு மாறியது. உங்கள் மூன்று கேள்விக்கும் இதை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம்.

செய்முறை மிக எளிது. ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்த ஈ.கோலியை 12 குடுவைகளில் பிரித்துப் போட்டார்கள். ஒவ்வொன்றும் 50 மி.லி. கொள்ளும் கண்ணாடிக் குடுவை. அதில் 10 மி.லி. ஊடகம், அதாவது பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல், மட்டும். மேலே காலியாக இருப்பது காற்றுக்காக. ஊடகத்தில் உப்புகளும், லிட்டருக்கு வெறும் 25 மி.கி. குளூக்கோஸும். அதாவது ஒரு குடுவைக்கு நாளொன்றுக்கு கால் மில்லிகிராம் சாப்பாடு. 37 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 120 சுற்று ஆட்டம். மறுநாள் அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து, புதிய ஊடகம் 9.9 மி.லி. உள்ள குடுவைக்கு மாற்ற வேண்டும். மீதி 99 சதவீதம் கழிவுக்குப் போகும். தப்பிய 1 சதவீதம் அன்றைக்குள் மீண்டும் 100 மடங்காகப் பெருகும். 100 மடங்கு என்பது 6.64 முறை இரட்டிப்பு. ஆகவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6.6 தலைமுறை. 75 நாளில் 500 தலைமுறை. அந்த 500-க்கு ஒருமுறை ஒவ்வொரு குடுவையிலிருந்தும் மாதிரி எடுத்து, கிளிசரால் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். கிளிசரால் இல்லாமல் உறைய விட்டால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். கலந்து வைத்தவை பல ஆண்டு கழித்து எடுத்தாலும் உயிரோடு எழும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சோதனையையே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சில மாதம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஒரே செல்லிலிருந்து தொடங்கியது தற்செயல் அல்ல. அடுத்துச் சொல்லப்போகும் ஓர் அடையாள வித்தியாசத்தைத் தவிர, முதல் நாளில் 12 குடுவைகளிலும் இருந்தவை ஒரே வார்ப்பு. வெளியிலிருந்து மரபணு வாங்கிக்கொள்ளும் வழிகளும் இந்த வகையில் இல்லை. வைரஸ் இல்லை, செல்லுக்குச் செல் தாவும் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையமும் இல்லை. பிற்பாடு எந்த வேறுபாடு தெரிந்தாலும் அது அந்தக் குடுவைக்குள்ளேயே, பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிழையால், புதிதாகப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும்.

இப்படிப்பட்ட சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் கலப்படம். பக்கத்துக் குடுவையின் ஒரு துளி தெறித்தால் போதும், தனித்தனி வம்சம் என்ற பேச்சே போய்விடும். அதற்கு ஓர் அழகான பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு குடுவைகளில் அராபினோஸ் என்ற சர்க்கரையைத் தின்ன முடியாத வகை; மற்ற ஆறில் தின்னக்கூடிய வகை. ஒரு குறிப்பிட்ட சாயம் சேர்த்த தட்டில் வளர்த்தால் முதல் வகையின் காலனிகள் (ஒரு செல் பெருகி உண்டாகும் புள்ளிகள்) சிவப்பாகவும், இரண்டாம் வகையின் காலனிகள் வெளிறியும் தெரியும். தினசரி மாற்றும்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்ற வரிசையில்தான் கை போகும். தப்பு நடந்தால் தட்டில் தவறான நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி நடந்தால், ஃப்ரீசரில் இருக்கும் சுத்தமான கடைசி மாதிரியிலிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

இனி “பழகிக்கொள்வதுதானே” என்ற கேள்வி. பழக்கமும் பரிணாமமும் வேறு என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். ஃப்ரீசரிலிருந்து 2,000-ஆவது தலைமுறையையும், அதன் மூதாதையையும் எடுங்கள். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை என்று இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக, சோதனை நடக்கப்போகும் அதே ஊடகத்தில் ஒரு நாள் முழுக்க வளர விடுங்கள். இந்த ஒரு நாளைத் தவிர்த்தால் கணக்கே தப்பாகும். பழக்கத்தால் வரும் சாதகம் எதுவாக இருந்தாலும் இரண்டு தரப்புக்கும் இந்த ஒரு நாளில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசம் மரபு வழி வந்தது. மறுநாள் இரண்டையும் சம அளவில் ஒரே குடுவையில் கலந்து, உடனே ஒரு மாதிரியைத் தட்டில் பரப்ப வேண்டும். 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. பிறகு சிவப்பையும் வெள்ளையையும் எண்ண வேண்டியதுதான். தட்டுக்குச் சில நூறு காலனிகள் வரும்படி நீர்த்துக்கொள்வது முக்கியம். இருபது முப்பதுதான் வந்தால் தற்செயல் ஏற்றத்தாழ்வே முடிவைத் தின்றுவிடும். ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிறம் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு: தொடக்கத்தில் இரண்டு தரப்பும் மி.லி.க்கு 2.5 லட்சம். மறுநாள் புதியது 4 கோடி, மூதாதை 1 கோடி. புதியது 160 மடங்கு பெருகியிருக்கிறது, மூதாதை 40 மடங்கு. இவற்றின் இயல் மடக்கைகள் 5.08, 3.69. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.38. அதாவது மூதாதை 100 முறை இரட்டிக்கும் நேரத்தில் புதியது 138 முறை இரட்டிக்கும். எண்களை நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டாலும், 2,000 தலைமுறையில் உண்மையில் கிடைத்த சராசரியும் இதற்கு மிக அருகில்தான். அதுவும் ஒரு குடுவையில் மட்டும் அல்ல, 12 குடுவைகளிலும் ஏறக்குறைய இதே போக்கு. 50,000 தலைமுறையில் சராசரி 1.7-ஐத் தொட்டது. ஏற்றத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தாலும் நிற்கவில்லை. நிலையான சூழலில் ஓர் உயிர் சீக்கிரமே உச்சத்தைத் தொட்டுத் தேங்கிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இது எதிர்பாராத முடிவு.

தேவைக்கேற்ப பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறதா, முன்பே இருந்த மாற்றம் தேர்வாகிறதா என்பதும் எப்போதோ தீர்ந்த வழக்கு. 1943-இல் சல்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் ஈ.கோலியைப் பல சிறு குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டில் ஊற்றினார்கள். வைரஸைப் பார்த்த பிறகே எதிர்ப்பு பிறப்பதாக இருந்தால் எல்லாக் குழாய்களிலும் தப்பியவர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும். வந்தது வேறு. பல குழாய்களில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஓரிரு குழாய்களில் மட்டும் குவியல். குவியல் எங்கே வரும்? வைரஸைச் சந்திப்பதற்குப் பல தலைமுறை முன்பே தற்செயலாக அந்தப் பிழை நேர்ந்து, அந்தச் செல் பிள்ளைகுட்டியோடு பெருகியிருந்த குழாயில்தான் வரும். வைரஸ் எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை விட்டுவைத்தது, அவ்வளவே. மருந்துக்கு அடங்காத கிருமிகளின் அடிப்படைக் கதையும் இதுதான்.

அப்படியானால் பிழைகள் எத்தனை? இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. ஈ.கோலியின் மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம். இந்த வகையில் ஒரு செல் பிரதி எடுக்கும்போது 2,500-க்கு ஒருமுறை போல ஓர் எழுத்து மாறுகிறது. ஒரு குடுவையில் நாள் முடிவில் சுமார் 50 கோடி செல்கள். ஆக ஒரு குடுவைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லட்சம் புதிய பிறழ்வுகள், அதாவது பிரதிப் பிழைகள். 46 லட்சம் இடங்களில் ஒவ்வொன்றும் மற்ற மூன்று எழுத்துகளாக மாறலாம் என்றால் மொத்தம் சுமார் 1.4 கோடி மாற்றங்கள் சாத்தியம். 2 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 70 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஒற்றை எழுத்து மாற்றமும் ஒவ்வொரு குடுவையிலும் எங்கோ ஒரு செல்லில் தலைகாட்டிவிடுகிறது.

தலைகாட்டினால் போதாது, தப்பவும் வேண்டும். மாலையில் பிறந்த நல்ல பிறழ்வு, மறுநாள் எடுக்கும் 1 சதவீதத்தில் இடம்பெற நூற்றில் ஒரு வாய்ப்புதான். காலையிலேயே பிறந்து நூறாகப் பெருகியிருந்தால்கூட, அந்த நூறில் ஒன்றும் அடுத்த குடுவைக்குப் போகாமலிருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. நல்ல மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படியே கழிவுத் தொட்டியில் முடிகின்றன. தேர்வு என்ற சொல்லைக் கேட்டு, தகுதியானது தப்பாமல் வெல்லும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். தப்பிவிட்டால் பிறகு வேகம்தான். 10 சதவீதச் சாதகம் உள்ள ஒரே ஒரு செல், 50 லட்சம் பேருக்கு நடுவில் தொடங்கி, சுமார் 220 தலைமுறையில், அதாவது 33, 34 நாளில் பாதிக் குடுவையைப் பிடித்துவிடும். நடுவில் வேறொரு நல்ல பிறழ்வு வேறொரு செல்லில் வந்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். பாலினப் பெருக்கம் இல்லாததால் இரண்டையும் ஒரே உடலில் சேர்க்க வழியில்லை. ஒன்று மற்றதை ஒழித்தாக வேண்டும்.

12 குடுவைகளும் பல விஷயங்களில் ஒரே பக்கம் நடந்தன. செல்கள் பெரிதாகின. பைக்எஃப், நாட்ஆர் என்ற இரண்டு மரபணுக்களில் 12-லும் மாற்றம் வந்தது. மரபணுதான் ஒன்று; மாறிய இடம் பெரும்பாலும் குடுவைக்குக் குடுவை வேறு. முதல் 2,000 தலைமுறைக்குள் 12 குடுவைகளும் ரைபோஸ் சர்க்கரையைத் தின்னும் திறனை இழந்தன. ஊடகத்தில் ரைபோஸே கிடையாது. பயன்படாதது தானாகத் தேய்ந்தது என்று சொல்லத் தோன்றும். உண்மை வேறு. அந்த மரபணுத் தொடரின் பக்கத்தில் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் தொடர் அடிக்கடி அறுபடுகிறது. அறுபட்டால் ஒன்றரை சதவீத அளவுக்குச் சின்னச் சாதகமும் கிடைக்கிறது. பயன்படாத உறுப்பு “சும்மா” மறைவதில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் குறைவு.

ஒரு குடுவை மட்டும் தனி வழி போனது. 2003 ஜனவரியில், அராபினோஸ் தின்னாத ஆறில் மூன்றாவது குடுவை, வழக்கத்தைவிடப் பல மடங்கு கலங்கலாக இருந்தது. வேறு கிருமி புகுந்துவிட்டது என்பதே முதல் சந்தேகம், அது நியாயமும்கூட. சோதித்ததில் அது அதே வம்சம்தான். அந்தக் குடுவைக்கே உரிய பழைய பிறழ்வுகள் அப்படியே இருந்தன. நடந்தது என்னவென்றால், ஊடகத்தில் முதல் நாளிலிருந்தே சிட்ரேட் என்ற உப்பு குளூக்கோஸைவிட ஏராளமாகக் கிடந்தது. ஈ.கோலியால் ஆக்ஸிஜன் இருக்கும்போது சிட்ரேட்டைத் தின்ன முடியாது. ஆய்வகங்களில் ஒரு பாக்டீரியா ஈ.கோலிதானா என்று அடையாளம் காண இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். இந்தக் குடுவை அதைத் தின்னத் தொடங்கியிருந்தது. ஃப்ரீசரில் பின்னோக்கித் தேடியபோது, 31,500-ஆவது தலைமுறை மாதிரியிலேயே சிட்ரேட் தின்பவை மிகச் சொற்பமாக இருந்தது தெரிந்தது. 33,000-ஐ ஒட்டித்தான் பெருகின.

மேலே போட்ட கணக்கை இப்போது நினைவில் கொள்ளுங்கள். ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்றே போதுமென்றால் 12 குடுவைகளும் முதல் சில ஆண்டுகளிலேயே சிட்ரேட்டைக் கண்டுபிடித்திருக்கும். 15 ஆண்டில் ஒன்றுதான் கண்டுபிடித்தது. ஒன்று, அது மிக மிக அரிய பிறழ்வாக இருக்க வேண்டும். அல்லது அதற்கு முன் வேறு பிறழ்வுகள் வந்து வழி திறந்திருக்க வேண்டும். லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த சகரி பிளவுன்ட் இதை ஃப்ரீசரைக் கொண்டே தீர்த்தார். அதே குடுவையின் வெவ்வேறு காலத் தலைமுறைகளை எழுப்பி, மறுபடி ஓட விட்டார். முதல் முயற்சியில் 72 வளர்ப்புகளில் 4, இரண்டாவதில் 340-இல் 5, மூன்றாவதில் 2,800-இல் 8 சிட்ரேட் தின்னத் தொடங்கின. இந்த 17-இல் ஒன்றுகூட 20,000-ஆவது தலைமுறைக்கு முந்தையதிலிருந்து வரவில்லை. மூதாதையிலிருந்து பூஜ்யம். அதாவது 20,000 வாக்கில் ஏதோ நடந்து, பிற்கால வாய்ப்பைத் திறந்து வைத்திருந்தது. 2012-இல் கடைசிப் படி என்ன என்பதும் வெளியானது: சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் கடத்தி மரபணு ஈ.கோலியிடம் முன்பே உண்டு, ஆக்ஸிஜன் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும். 2,933 எழுத்து நீளத் துண்டு ஒன்று இரட்டித்து அடுத்தடுத்து அமர்ந்ததால், அந்த மரபணுவின் ஒரு பிரதி, ஆக்ஸிஜன் இருக்கும்போது வேலை செய்யும் வேறொரு சுவிட்சுக்குக் கீழே வந்துவிட்டது. பழைய மரபணு, பழைய சுவிட்ச், புதிய சேர்க்கை. புதிய திறன்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

நேர்மைக்காக ஒன்று. 2016-இல் வேறொரு ஆய்வகம் சிட்ரேட் தின்னும் ஈ.கோலியை 100 தலைமுறைக்குள்ளேயே பெற்றுவிட்டது. அதைக் காட்டி லென்ஸ்கியின் முடிவு பொய்த்தது என்பார்கள். அங்கே சிட்ரேட்டைத் தவிர வேறு உணவு ஏறக்குறைய இல்லை, காத்திருக்கும் காலமும் நீளம். லேசாகத் தின்ன முடிந்தவன்கூடப் பிழைப்பான். இங்கேயோ தினமும் காலையில் குளூக்கோஸ் பந்தி. அதில் முந்தாதவன் மாலைக்குள் கழிவுத் தொட்டிக்கு. ஒரே பிறழ்வுக்கு ஒரு சூழலில் மதிப்பு உண்டு, மற்றொன்றில் இல்லை. எனக்கு இரண்டு சோதனைகளும் முரண்படுவதாகத் தெரியவில்லை.

“கடைசியில் பாக்டீரியாதானே” என்றால், ஆமாம். 34 ஆண்டில் அது மீனாகும் என்று எந்தப் பரிணாமவியலாளரும் சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு: வேட்டையாடும் உயிர் இல்லை, மாறும் பருவம் இல்லை, ஆண் பெண் இல்லை. இனங்கள் பிரிவதைப் பார்க்க வேறு இடத்துக்குப் போக வேண்டும். பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளை வளையமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 1981-இல் 100 கி.மீ.க்கு அப்பாலுள்ள எஸ்பானியோலா தீவிலிருந்து பெரிய அலகுள்ள ஓர் ஆண் குருவி வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெண் குருவியோடு கூடியது. மகன்கள் தந்தையின் பாட்டைக் கற்றன. அந்தப் பாட்டை உள்ளூர்ப் பெண்கள் பொருட்படுத்தவில்லை. ஆகவே வாரிசுகள் தங்களுக்குள்ளேயே கூடின. 2003 முதல் 2005 வரையிலான வறட்சியில் இந்த வம்சத்தில் ஓர் அண்ணனும் தங்கையும்தான் மிஞ்சின. மழை வந்ததும் அவற்றின் குஞ்சுகளால் வம்சம் மறுபடி தழைத்தது. மூன்றே தலைமுறையில் தனித்து இனம்பெருக்கும் ஒரு கூட்டம், தனக்கென்று ஓர் அலகளவுடன். இது நிலைக்குமா, மறுபடி கலந்து கரைந்துவிடுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புது இனங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வந்தன.

350 கோடி ஆண்டு உயிர் வரலாற்றையும் இதே இரண்டு கண்ணால் பார்க்கலாம். 12 குடுவைகளும் போன வழி ஒன்று, மூன்றாவது குடுவை மட்டும் போன வழி இன்னொன்று. சூடும் வறட்சியும் மிகுந்த இடங்களில் கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பிடிக்கும் சி4 ஒளிச்சேர்க்கை 60 முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம் கேழ்வரகும் முளைக்கீரையும் அந்தத் திறனை வெவ்வேறு வழியில் வந்து அடைந்தவை. இது ரைபோஸ் ரகம்: அழுத்தம் ஒன்றானால் விடையும் ஒத்துப்போகிறது. மாறாக, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்பது ஒரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியா. அந்தக் குடியேற்றம் ஒரே முறைதான் நடந்தது. பூஞ்சை, மரம், யானை, நாம் எல்லாருமே அந்த ஒன்றின் வாரிசுகள். தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகமும் நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்று அப்படி உள்ளே வந்ததுதான். அதையும் ஒரே முறை என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். ஆனால் பாலினெல்லா என்ற அமீபா, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் தனியாக இன்னொரு நீலப்பச்சைப் பாக்டீரியாவை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பகுதி இப்போது இல்லை; சில அமீபாவின் உட்கருவுக்கே இடம் மாறிவிட்டன. தனியாக வாழ அதனால் இனி முடியாது.